உஷார்! மழைக்காலத்தில் கொல்லையைக் கொத்தாதீர்கள்

தீபாவளி முடிந்தது, பொங்கலுக்குள் கொல்லையில் உட்கார ஒரு கல் தளம் போட்டுவிடலாம் என்று மெர்சிங்கில் யாராவது மண்வெட்டியைத் தூக்கியிருந்தால், தயவுசெய்து கீழே வையுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை நம் கரையைப் பிடித்து உலுக்கும். அந்த ஈர மண்ணில் உயிரைப் பறிக்கும் ஒரு கிருமி இருக்கலாம். வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் இருந்தால் ஆபத்து பல மடங்கு.

நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1913-லேயே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வளர்த்த விலங்குகளுக்கு அது தொற்றியது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் வீடுகளில் இந்தப் பெயரே தெரியாது என்பதுதான் என்னைப் பதற வைக்கிறது.

கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழை ஊறும்போது அடிமண்ணிலிருந்து மேலே வருகிறது. இதைத் தேடும் ஆய்வாளர்கள் வழக்கமாக 30 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் எடுப்பார்கள். தளத்துக்கு நாம் தோண்டுவது எவ்வளவு? கல், அதன் அடியில் மணல், அதற்கும் அடியில் 10 சென்டிமீட்டர் கிரஷர் ரன் என்ற உடைகல், எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 20. மழையில் மேலே வரும் கிருமியை எட்ட அதுவே போதும். சிலிப்பர் போட்ட காலோடு அந்தக் குழிக்குள் இறங்கி, தேங்கிய தண்ணீரை வாளியால் இறைக்கிறோம். காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலே கிருமிக்கு வழி கிடைத்துவிடும். மூச்சு வழியாகவும் போகும். சேற்றை அழுத்தக் குழாயால் பீய்ச்சிக் கழுவுவது அதனால்தான் கூடாத வேலை.

2010-இல் பக்கத்து மாநிலமான பகாங்கின் லூபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேட 153 பேர் இறங்கினார்கள். மெலியோய்டோசிஸும் எலிக்காய்ச்சலும் பரவி 8 பேர் இறந்தார்கள். அடுத்தவருக்கு உதவப் போனவர்கள் அவர்கள்!

இந்த நோய்க்கு மிகப் பெரிய துணை இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு, தாலசீமியா, மிதமிஞ்சிய குடி உள்ளவர்களும் குழிப்பக்கம் போகவே வேண்டாம்.

வேலையை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். அப்போதும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, புண் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தாலும் அவருக்கும் இதையெல்லாம் வாங்கிக் கொடுங்கள். அவர் காலும் கால்தான். அன்றைக்கே நிரப்பி இடித்து இறுக்க முடிகிற அளவுக்கு மட்டும் தோண்டுங்கள். திறந்த குழி ஒரே மழையில் சேற்றுக்குட்டை ஆகிவிடும். மழை பிடித்தால் வேலையை நிறுத்துங்கள், குழியில் இறங்காதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

தரையின் சாய்வு இன்னொரு முக்கியமான வேலை. மூன்று மீட்டருக்கு 4 சென்டிமீட்டராவது வீட்டைவிட்டு லோங்காங் பக்கம் இறங்க வேண்டும். கிரஷர் ரன்னை இடிக்கும்போதே இந்தச் சாய்வைக் கொண்டுவாருங்கள். கடைசியில் மணலைக் கூட்டிச் சரிக்கட்டினால் மழையில் கரைந்து குழி விழும். தளத்தின் மேற்பரப்பு வீட்டுத் தரைக்கு 15 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த பருவமழையில் வாசல் ஓரமே சேறாகி, அதே ஆபத்து வீட்டுப் படிக்கு வந்துவிடும்.

மண் வேலை செய்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், ஆறாத புண் எது வந்தாலும் பெனடால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். பார்ப்பதற்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல் போலவோ காசநோய் போலவோ இருக்கும். வழக்கமான பல மருந்துகள் இதற்கு வேலை செய்யாது. ஊசி வழியாகக் குறைந்தது பத்து நாள், பிறகு மூன்று மாத மாத்திரை என்று நீளும் சிகிச்சை இது. தாமதித்தால் ரத்தத்தில் பரவிச் சில நாளில் ஆளையே கொண்டுபோகும். மெர்சிங் மருத்துவமனைக்குப் போனதும் முதல் வார்த்தையாக, "டாக்டர், நான் மண் தோண்டினேன், எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது" என்று சொல்லுங்கள். ரத்தத்தைக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.