இமை தொங்குதா, ரெண்டு ரெண்டாகத் தெரியுதா? சொட்டு மருந்தோடு விட்டுடாதீங்க!

மூக்கின் ஓரம் ஒரு பரு. கண்ணாடி முன் நின்று கிள்ளிவிடுகிறோம். மறுநாள் கன்னம் வீங்குகிறது. அடுத்த நாள் கண் சிவந்து, இமை திறக்க முடியவில்லை. 'கண்வலிதான்' என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருந்தால், அரிதாகச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

காரணம், கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருக்கும் 'கேவர்னஸ் சைனஸ்'. ஜலதோஷத்தில் தொல்லை தரும் சைனஸ் வேறு, அது காற்றறை. இது இரத்த அறை. பிட்யூட்டரி சுரப்பியின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக, சுமார் 2 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கிறது.

நெல்லை ஜங்ஷன் மாதிரி!

கண்ணை அசைக்கும் 3 நரம்புகள், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகள், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி எல்லாம் இந்தச் சின்ன இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். அதனால் இங்கே சீழ், கட்டி, இரத்த உறைவு எது வந்தாலும் முதலில் கண்தான் காட்டிக்கொடுக்கும். இமை தொங்கும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். நெற்றியும் கன்னமும் மரத்துப்போகும்.

மூக்கு, மேலுதடு பகுதியின் இரத்தக் குழாய்களுக்கு இந்த அறையோடு தொடர்பு உண்டு. அங்கே பருவைக் கிள்ளக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். இரு அறைகளும் இணைந்திருப்பதால், ஒரு கண்ணில் தொடங்கிய வீக்கம் மறு கண்ணுக்கும் பரவலாம்.

2021 சொன்ன பாடம்

கொரோனா இரண்டாவது அலையில் பரவிய கருப்புப் பூஞ்சை நோயும் மூக்கில் நுழைந்து, கண் வழியாக இந்தப் பகுதிக்கும் மூளைக்கும் ஏறியது. கட்டுப்படாத சர்க்கரையும் அதிகப்படி ஸ்டீராய்டும் அதற்கு வழிவிட்டன. 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. உயிர் காக்க ஒரு கண்ணையே எடுக்க வேண்டிய நிலைக்குப் பலர் போனார்கள். கொரோனா ஓய்ந்தாலும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்தப் பூஞ்சையின் ஆபத்து ஓயவில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கண் அசைவைப் பரிசோதித்த பிறகு எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கிருமித் தொற்று என்றால் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். சீழ் இருந்தால் வெளியேற்றுவார்கள். பூஞ்சை என்றால் ஆம்போடெரிசின் ஊசியோடு, அழுகிய பகுதியை அகற்றும் அறுவை சிகிச்சை. கட்டிகள் சிலவற்றை மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு எடுக்கிறார்கள்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்டவருக்குச் சில நாள் கழித்து கண் பிதுங்கிச் சிவந்து, தலைக்குள் 'உஸ் உஸ்' என்று சத்தம் கேட்டால், உள்ளே தமனி கிழிந்திருக்கலாம். இரத்தக் குழாய் வழியாக நுண்குழாயை அனுப்பி அதை அடைப்பார்கள்.

ஆன்டிபயாடிக் வராத காலத்தில் இந்த அறையில் தொற்று வந்தவர்கள் பிழைப்பதே அரிது. இன்று சீக்கிரம் வந்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். தாமதித்தால் உயிர் தப்பினாலும் பார்வை திரும்பாமல் போகலாம்.

திசையன்விளைக்காரர்கள் எங்கே போவது?

ஒரு பக்கம் நெல்லை, மறுபக்கம் நாகர்கோவில். இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நெல்லையில் பல்நோக்கு உயர் சிறப்பு சிகிச்சைப் பிரிவு 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண், காது-மூக்கு-தொண்டை, நரம்பியல் டாக்டர்கள் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது என்பதால், பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போவதே நல்லது.

காய்ச்சலோடு கண் வீக்கம், கடும் தலைவலி, திடீர் இரட்டைப் பார்வை, மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்புத் திட்டு: இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும்.