மொக்கு என்று சொல்வதற்கு முன்

தரம் 4 இல் படிக்கும் ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். மாடு சாய்ப்பான், வாய்க்கால் மறித்துத் தண்ணீர் திருப்புவான், கடைக்குப் போனால் மிச்சக் காசைச் சரியாக எண்ணிக்கொண்டு வருவான். ஆனால் வாசிப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாய் திறக்கமாட்டான். "இவன் மொக்கு, படிப்பு ஏறாது. என்னோடை வயலுக்கு வரட்டும்" என்று தகப்பனார் சொல்லிவிடுகிறார். இந்த ஒரு சொல்லோடு முடிந்துபோகும் படிப்புகள் பல.

வயலில் ஒரு மூலை மஞ்சளித்தால் நாம் நெல்லைத் திட்டுவதில்லை. தண்ணீர் தேங்கியதா, பசளை போதவில்லையா, பூச்சி விழுந்ததா என்று இறங்கிப் பார்க்கிறோம். பிள்ளை பின்தங்கும்போதும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

முதலில் பார்க்கவேண்டியவை

1. தவறிய நாட்கள்: 1995 இல் வலிகாமத்திலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளும் இடம்பெயர்ந்தபோது பிள்ளைகள் மரநிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் படித்தார்கள். அவர்களில் பலர் இன்று தாய் தகப்பன்மார். படிப்பு நடுவில் அறுந்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளை எத்தனை பள்ளிக்கூடம் மாறியது, எந்த வகுப்பில் எத்தனை மாதம் தவறியது என்று எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள்.

2. கண்ணும் காதும்: கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்குகிறதா? பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா? காதில் சீழ் வடிகிறதா? பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை நடக்கும் நாளில் பிள்ளையை வீட்டில் மறிக்கவேண்டாம்.

3. உடலும் மனமும்: காலைப் பசி, இரத்தச்சோகை, பூச்சித் தொல்லை ஆகியவை கவனத்தைக் குலைக்கும். பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் இரவில் அலறி எழும்புவதும் பயத்தின் அடையாளங்கள். அந்தப் பிள்ளைக்குப் பாடத்துக்கு முன் ஆறுதல் தேவை.

எங்கே நின்றுவிட்டது?

அடுத்து, பிள்ளை நின்றுபோன இடத்தைக் கண்டுபிடியுங்கள். தரம் 4 புத்தகத்தில் தொடங்கவேண்டாம். ட, ப, ம போன்ற எழுத்துகள், பிறகு 'படம்', 'மரம்', பிறகு 'காகம்', 'கிளி' என்று படிப்படியாகப் போங்கள்.

பல பிள்ளைகள் கொம்பு எழுத்துகளில் இடறுகின்றன. 'கெ' என்பதில் கொம்பை முதலில் எழுதுகிறோம். ஆனால் ககர ஒலிதான் முதலில் வருகிறது. 'கொ' வில் குறி இரு பக்கமும் நிற்கிறது. ண-ன, ல-ள, ர-ற மாறாட்டமும் அதிகம். கணக்கில் 23 ஐ 32 என்று எழுதுகிறதா, கடன் வாங்கிக் கழிப்பதில் நிற்கிறதா என்று பாருங்கள். பிழையைக் கண்டதும் ஏசவேண்டாம். எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

நாளுக்கு 15 நிமிடம் போதும். ஆனால் நாள் தவறக்கூடாது.

பிள்ளைக்குத் தெரிந்ததில் தொடங்கி, ஒரு நாளைக்குப் புதிதாக ஒன்றை மட்டும் சேருங்கள். எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதட்டும். பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டி எழுத்து அட்டைகள் செய்யலாம். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகளை வைத்து 32 இலிருந்து 17 ஐக் கழிக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டை அவிழ்க்கும்போதே கடன் வாங்குவது விளங்கிவிடும். தாய்க்கு நேரமில்லாவிட்டால் அக்காவோ அம்மம்மாவோ இருக்கலாம். அடியும், மற்றப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம்.

வகுப்பில் முன்வரிசையில் இருத்தும்படியும், எழுத முடியாததை வாயால் கேட்கும்படியும் ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஒரு தவணை கழிந்த பின்

கொப்பியைத் திரும்பப் பாருங்கள். பாடம் தவறிய பிள்ளை, சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் விரைவாக முன்னேறும். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும் நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்துபோகிறது, சொற்களை எழுத்துக்கூட்ட முடியவில்லை என்றால் அது கற்றல் இடர்பாடாக இருக்கலாம். நல்ல புத்தியுள்ள பிள்ளைக்கும் அது வரலாம். சோம்பலோ பெற்றோரின் குற்றமோ அல்ல.

அப்போது கொப்பியையும் எடுத்துக்கொண்டு அதிபரைச் சந்தியுங்கள். அவர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரை அணுகலாம். சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டினால் தேவைக்கேற்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். எங்கே போனாலும் முதலில் கேட்பது, பிள்ளைக்கு எது வரும், எது வராது என்பதைத்தான். அதற்கான பதில் உங்கள் கொப்பியில் இருக்கும்.

நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. காணியும் வீடும் கையைவிட்டுப் போனபோதும் பிள்ளைகளின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் நாம். அந்தப் பையை நம் கையாலேயே இறக்கிவைக்கலாமா?

இன்று இரவு விளக்கடியில் பிள்ளையை அருகில் இருத்தி, ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து தொடங்குவோம்.