டிரையேஜ்

டிரையேஜ் என்பது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களை, வந்த வரிசையைப் பாராமல், உயிருக்கு உள்ள ஆபத்தைப் பொறுத்துப் பிரிக்கும் முறை ஆகும். பிரித்தெடுத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, பதவி பாராமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்துச் சிகிச்சை அளித்தார்.

தமிழ்நாட்டில் 'தாய்' எனப்படும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பிரிவுகள் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அடிபட்டு, மூச்சுத் திணறியபடி கொண்டுவரப்படுபவர் சிவப்பு. எலும்பு முறிந்தும் மூச்சும் நாடியும் சீராக இருப்பவர் மஞ்சள். சிராய்ப்புடன் நடந்து வருபவர் பச்சை. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, நினைவு ஆகியவற்றைச் சோதித்தே நிறம் முடிவாகிறது. உரக்க அலறுபவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்றாவது தெரியும். சத்தமின்றிக் கிடப்பவரே அதிகக் கவலைக்குரியவர்.

பிரிட்டனின் மான்செஸ்டர் முறையில் ஐந்து நிறங்கள்: சிவப்புக்கு உடனே, ஆரஞ்சுக்கு 10 நிமிடம், மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, நீலத்துக்கு 240. ஆஸ்திரேலியாவிலும் ஐந்து நிலைகளே. அங்கே கடைசி நிலைக்கு 120 நிமிடம்தான்.

கொடுத்த நிறம் மாறக்கூடியது. 'நாங்கள்தானே முதலில் வந்தோம்' என்று செவிலியரிடம் சண்டை பிடிக்கும் உறவினர்கள் இதை அறிவதில்லை. காத்திருப்பவருக்குத் திடீரென வியர்த்தாலோ பேச்சுக் குழறினாலோ உடனே சொல்ல வேண்டும்; மறுபடி சோதித்து, தேவையானால் சிவப்புக்கு மாற்றுவார்கள்.