ஃபைன் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் ஒரு காலைப்பொழுது நின்றால் இதைக் கேட்கலாம். கோயில் திருவிழாவில் தள்ளுமுள்ளு, பஸ் ஸ்டாண்டில் கைகலப்பு, ரோட்டில் கூச்சல் என்று ஏதோ ஒரு சில்லறை வழக்கு. இருபது வயதுப் பையன், கூடவே அப்பா. ஏட்டு பக்கத்தில் வந்து நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்: "தம்பி, குத்தத்தை ஒத்துக்க. ஃபைனைக் கட்டிட்டு மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். இல்லேன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்." அப்பாவும் தலையாட்டுவார். ரசீது கைக்கு வந்ததும் தொல்லை விட்டது என்று இருவரும் டீ குடித்துவிட்டு ஊர் போய்ச் சேருவார்கள்.

ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியதும் சட்டத்தின் கண்ணில் அந்தப் பையன் தண்டிக்கப்பட்டவன். சிறை வாசலை மிதிக்கவில்லை என்பதால் அது தண்டனை இல்லை என்றாகாது. சில வருடம் கழித்து காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தாண்டி, வெரிஃபிகேஷன் வரும்போதுதான் அந்த ரசீதின் விலை தெரிகிறது. அப்போதுதான் "பேரை எடுக்க வழி இருக்கா சார்?" என்று வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

பெரியவர்களைப் பொறுத்தவரை, குற்றப் பதிவை மொத்தமாக அழித்துத் தரும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2018-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிறு குற்றத்தில் தண்டனை பெற்றவர் குறிப்பிட்ட ஆண்டுகள் வேறு தண்டனையில் சிக்காமல் இருந்தால், அவர் மனுப் போடாமலேயே அந்தப் பதிவு பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்படும். நம்மிடம் அப்படி எதுவும் கிடையாது. 1996-ல் ஹரியானாவிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைநிலை ஊழியர் ஒருவர், ஆபாசப் பேச்சுக்கான 294-வது பிரிவில் ஒப்புக்கொண்டு கட்டியது 20 ரூபாய். அதற்காக வேலை போயிற்று. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இப்படிப்பட்ட அற்ப அபராதங்கள் அரசு வேலைக்குத் தடையாகாதபடி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்றும் சொன்னது. சொல்லி ஏறக்குறைய முப்பது வருடம் ஆகிவிட்டது.

ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்படி முடியப்போகிறது என்பதே.

எஃப்.ஐ.ஆர். மட்டும் போட்டுக் கிடப்பில் இருந்தால் வழி நிறைய உண்டு. விசாரணையில் புகார் தவறு என்று தெரிந்தால், போலீசார் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று முடித்து அறிக்கை தாக்கல் செய்யலாம். சிறு குற்றங்களுக்குக் காலவரம்பும் இருக்கிறது. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு, மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு. அதற்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் அதைக் காட்டியே வழக்கை உடைக்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ 'குவாஷ்' மனு போடுவது இதற்குத்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 528 ஆகியிருக்கிறது. இரு தரப்பும் சமாதானமாகிவிட்ட தனிப்பட்ட தகராறுகளையும் இந்த வழியில் ரத்து செய்யலாம் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு அது பொருந்தாது.

அரசு வழக்கை வாபஸ் வாங்குவதும் உண்டு. 2021 பிப்ரவரியில், ஊரடங்கை மீறியதாகப் போடப்பட்ட சுமார் 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். பேப்பரில் செய்தி வந்ததோடு நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. கோர்ட்டுக்குப் போய்விட்ட வழக்கு என்றால் அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, நீதிமன்றம் சம்மதித்தால்தான் அது முடியும். உங்கள் குற்ற எண்ணுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாரணை நடந்து விடுதலை ஆகிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், குறிப்பாகக் காக்கிச்சட்டைக் கனவு உள்ளவர்கள், கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தமிழ்நாட்டில் காவலர் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ் சாட்சி சொன்னதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். ஊரில் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து, "சாட்சி சொல்லும்போது மாத்திச் சொல்லிடு" என்று முடித்துவைக்கிறார்களே, அது பையனின் வேலைக்கு உதவாமல் போவது இதனால்தான். அதே சமாதானத்தை வைத்து முன்கூட்டியே உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்டிருந்தால் அவன் நிலைமை இதைவிட நன்றாக இருந்திருக்கும். அரசுத் தரப்பு எதையும் நிரூபிக்கவில்லை, இவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு சொல்லுமளவுக்கு நடத்த முடிகிற வழக்கை, வாய்தாவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

தண்டனை தவிர்க்க முடியாது என்றால் 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடுவிக்கும்படி கோர்ட்டைக் கேட்க வக்கீலிடம் சொல்லுங்கள். எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடுவித்தால், அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று அதன் 12-வது பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவரைத் துறை நடவடிக்கையிலிருந்து அது காப்பாற்றாது. ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டி முடித்துவிட்டவர்களுக்கு மேல்முறையீட்டு வழி அநேகமாக அடைபட்டுவிடும். விளைவைச் சொல்லாமல் ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்பது போன்ற குறை இருந்தால் 90 நாளுக்குள் சீராய்வு மனு போட்டுப் பார்க்கலாம்.

18 வயதுக்குள் நடந்தது என்றால் கதையே வேறு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 24-வது பிரிவு, அந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. மேல்முறையீட்டுக் காலமோ ஏழு ஆண்டோ கடந்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. முடிந்துபோன அந்த வழக்கை நடத்தைச் சான்றுக்காகப் போலீசார் வெளியே சொல்லக்கூடாது என்று 74-வது பிரிவு தடுக்கிறது. 16 வயதைக் கடந்து, கொடுங்குற்றத்தில் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று முடிவானவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. பள்ளிக்கூட வயதுச் சண்டைக்காக இன்றைக்கும் ஒரு பையனுக்கு வேலை மறுக்கப்பட்டால், மறுத்த உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக உயர் நீதிமன்றம் போகலாம். நம் நாட்டில் 'அழித்தல்' என்று உண்மையாகவே சொல்லத்தக்கது இது ஒன்றுதான். அதையும் பெற்றோரில் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

விண்ணப்பப் படிவத்தில் 'வழக்கு உண்டா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று டிக் அடிப்பது பலரைக் கவிழ்க்கிறது. வழக்கு சின்னதாக இருந்தாலும் மறைத்தது பெரிதாகிவிடும். இளமையில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளை வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே முதலில் சொன்னது, கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத்தான். பாஸ்போர்ட்டுக்கும் இதுவே. கோர்ட்டில் வழக்கு நடக்கிறது என்றால், அதே கோர்ட்டில் அனுமதி வாங்கி விண்ணப்பிக்கலாம்.

இணையத்தில் கிடக்கும் தீர்ப்பில் விடுதலையானவரின் பெயரை நீக்கும்படி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. ஆகவே, "கம்ப்யூட்டர்ல இருந்தே பேரைத் தூக்கிடறோம்" என்று பணம் கேட்கும் புரோக்கர்களை நம்பாதீர்கள். போலீஸ் பதிவு நாடு முழுக்க இணைந்த கணினி வலையில் இருக்கிறது, கோர்ட் பதிவு தனியாக இருக்கிறது. எந்தப் புரோக்கராலும் இரண்டையும் தொட முடியாது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணை அழைக்கலாம், அல்லது கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். வழக்கு எப்படி முடிந்தாலும் தீர்ப்பின் சான்றளித்த நகல் இரண்டு வாங்கி வையுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு கோர்ட் பழைய கட்டுகளை அழித்துவிடும். பத்து வருடம் கழித்து வெரிஃபிகேஷனுக்கு வரும் அதிகாரி ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் எஃப்.ஐ.ஆர். எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். அது விடுதலையில் முடிந்தது என்று காட்ட உங்கள் பீரோவில் இருக்கும் அந்த நகல்தான் உதவும்.