தாத்தா பார்க்காத சண்டை

"நேர்ல பார்த்தேன்டா" என்பார் என் தாத்தா. மெர்டேக்கா அரங்கத்தில் முகமது அலி சண்டை போட்டதைத்தான் சொல்கிறார். அலி எப்படிக் காலை மாற்றி மாற்றி வைத்தார், எதிராளி எப்படி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார் என்று எழுந்து நின்று செய்தும் காட்டுவார். அடுப்படியிலிருந்து பாட்டியின் குரல் வரும்: "அன்னிக்குச் செவ்வாக்கெழமை. பெரட்டுக்குப் போயி, உரம் போட்டுட்டு வந்த மனுஷன் கோலாலம்பூருக்கு எப்பப் போனாராம்?"

வானொலி வேலைக்கு வந்த பிறகு நாள்காட்டியைத் தேடிப் பார்த்தேன். 1975 ஜூலை 1, செவ்வாய்க்கிழமைதான். பாட்டி ஜெயித்துவிட்டார்.

இதெல்லாம் நினைவுக்கு வரக் காரணம், போன பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கில் நடந்த ஒரு பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா கையில் ஒரு தாளோடு வந்தார். அவருடைய மகனுக்குப் பதினான்கு வயது. குத்துச்சண்டைப் பயிற்சியில் சேரப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். "தம்பி, நீ ரேடியோவுல பேசுற ஆளு. நீ சொன்னா கேப்பான். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றார். பையன் வாசலில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தான். அவன் அறைச் சுவரில் அலியின் படம். கீழே விழுந்து கிடக்கும் சன்னி லிஸ்டனைப் பார்த்து, கையை மடக்கிக் கத்துகிறாரே, அந்தப் படம்.

ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. அலியின் கதையைத்தான் சொன்னேன். அவனுக்குத் தெரிந்த பாதியையும், தெரியாத பாதியையும்.

கதை ஒரு சைக்கிளில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலம், லூயிவில் நகரம், 1954. பன்னிரண்டு வயது காசியஸ் கிளேயின் புது சைக்கிள் திருடு போய்விட்டது. அழுதுகொண்டே போலீஸ்காரரைத் தேடிப் போனான். ஜோ மார்ட்டின் என்ற அந்தப் போலீஸ்காரர் பக்கத்திலேயே பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்து வந்தார். திருடனைக் கண்டால் உதைப்பேன் என்றவனிடம், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்று சொன்னாராம். ஆறே ஆண்டுகள். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம். பதினெட்டு வயது.

என் தொழிலுக்கு நெருக்கமான ஒரு துணுக்கும் உண்டு. 1961இல் லாஸ் வேகாசில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்குப் போன இடத்தில், கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்த வீரரைக் கிளே சந்தித்தார். ஜார்ஜ் ஒலிவாங்கி முன்னால் தன்னைத் தானே வானளாவப் புகழ்ந்துகொள்வார். அவரைப் பிடிக்காதவர்கள்கூட, அவர் அடி வாங்குவதைப் பார்க்கவாவது சீட்டு வாங்கினார்கள். வாயும் ஓர் ஆயுதம் என்பதைக் கிளே அங்கே பிடித்துக்கொண்டார். அதன்பின் எந்தச் சுற்றில் எதிராளி விழுவார் என்று முன்கூட்டியே அறிவிப்பது அவர் பழக்கமாகிவிட்டது.

1964 பிப்ரவரி 25, மியாமி. எதிரே சன்னி லிஸ்டன். இருபத்திரண்டு வயதுப் பையன் தாக்குப்பிடிப்பான் என்று பத்திரிகையாளர்களில் நம்பியவர்கள் மிகக் குறைவு. ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் நாற்காலியை விட்டு எழவில்லை. சில நாள்களிலேயே புதிய உலகச் சாம்பியன் தம் பெயர் இனி முகமது அலி என்றார். பல பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் பழைய பெயரிலேயே எழுதின.

பையனுக்குத் தெரியாத பாதி இனிமேல்தான்.

வியட்நாம் போருக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். பள்ளிப் படிப்பில் தடுமாறிய அலி, முதலில் இராணுவத்தின் எழுத்துத் தேர்வில் தேறவில்லை. 1966இல் தேர்ச்சிக்கான அளவைக் குறைத்தார்கள்; அலி தகுதியானவர் ஆகிவிட்டார். 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன் நகரில் அவர் பெயரை அழைத்தபோது அவர் முன்னே வந்து நிற்க மறுத்தார். சமயமும் மனசாட்சியும் இடம் தரவில்லை என்றார். பட்டம் பறிபோனது. குத்துச்சண்டை உரிமம் பறிபோனது. ஐந்து ஆண்டுச் சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் சிறைக்குப் போகாமல் வெளியே இருந்தார். கடவுச்சீட்டும் கையில் இல்லாததால் வெளிநாட்டுக்குப் போய்ச் சண்டை போடவும் வழியில்லை.

அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. ஒரு குத்துச்சண்டை வீரரின் பொன்னான வயது அது. மூன்றரை ஆண்டுகள் மேடை ஏறவில்லை. கல்லூரி கல்லூரியாகப் போய் உரையாற்றிப் பிழைத்தார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரை விடுவித்தது. ஆண்டுகளை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. திரும்பி வந்த அலியின் கால்கள் பழையபடி பறக்கவில்லை என்பது அந்தக் காலக் காட்சிகளைப் பார்த்தாலே தெரியும். வேகம் குறைந்தபோது அவர் வேறு வித்தையைக் கண்டுபிடித்தார். அடியை வாங்கிக்கொள்வது.

1974 அக்டோபர் 30, காங்கோவின் கின்ஷாசா (நாட்டின் பெயர் அப்போது ஜயர்). ஜார்ஜ் ஃபோர்மன் மலை மாதிரி நின்றார். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, கைகளால் முகத்தை மறைத்து, அடிக்கவிட்டார். அடித்து அடித்து ஃபோர்மன் களைத்தார். எட்டாவது சுற்றில் அலி அவரைச் சாய்த்தார். உலகமே எழுந்து நின்று கைதட்டியது. சரி, அந்த ஏழு சுற்றுகளில் விழுந்த அடிகள் எங்கே போயின? அதை அப்போது யாரும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் கோலாலம்பூர்.

எதிராளி ஜோ பக்னர். ஹங்கேரியில் பிறந்து, 1956 புரட்சிக்குப் பின் குடும்பத்தோடு இங்கிலாந்தில் குடியேறியவர். சண்டை நடந்தது காலையில். அமெரிக்காவில் மாலை நேரம் மக்கள் திரைமுன் உட்கார வேண்டுமே, அதற்காக. 1957இல் நாட்டின் சுதந்திரம் அறிவிக்கப்பட்ட அதே மெர்டேக்கா அரங்கம், கொளுத்தும் வெயில், முழுப் பதினைந்து சுற்று. நடுவர்கள் ஒருமனதாக அலிக்கே வெற்றி தந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் அது ஒரு சுவையற்ற சண்டை. முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். பக்னர் பெரும்பாலும் தற்காத்துக்கொண்டே இருந்தார். அலி வெயிலில் சக்தியைச் சேமித்துச் சேமித்து அடித்தார். தாத்தா நடித்துக் காட்டியது இதைவிட நன்றாக இருந்தது! ஆனால் எதிராளி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார் என்று அவர் சொன்னது அப்படியே சரி. பிரிஞ்சாங் டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டிருக்க வேண்டும்.

சண்டையைவிட அதைச் சுற்றி நடந்தது முக்கியம். இதுதான் கடைசி, ஓய்வு பெறுகிறேன் என்று அலி கோலாலம்பூரில் அறிவித்தார். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. பட்டம் கையில். உடம்பு இன்னும் தாங்குகிறது. அங்கேயே நிறுத்தியிருந்தால்? ஆனால் பரம எதிரி ஜோ ஃபிரேசியரும் கோலாலம்பூர் வந்திருந்தார். மூன்றாவது முறை மோதுவது என்று முடிவானது.

அந்த மூன்றாவது மோதல்தான் 1975 அக்டோபர் 1, மணிலா. பதினான்கு சுற்று முடிந்தபோது ஃபிரேசியரின் கண்கள் வீங்கி மூடிப்போயிருந்தன. அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் சண்டையை நிறுத்தினார். வென்ற அலியும் நிற்க முடியாமல் சரிந்தார். இதில் அலியைப் பற்றி எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. தடைக் காலத்தில் தமக்குப் பண உதவி செய்த அதே ஃபிரேசியரை, சீட்டு விற்பதற்காக அவர் குரங்கு என்று கேலி செய்தார். ஃபிரேசியரின் பிள்ளைகள் பள்ளியில் அந்தக் கேலியைச் சுமந்தார்கள். 2001இல்தான் அலி மன்னிப்புக் கேட்டார். வாய் ஆயுதமானால் அது யாரையும் குத்தும்.

1977 செப்டம்பரில் ஏர்னி ஷேவர்ஸ் என்ற பலசாலியோடு பதினைந்து சுற்று. வென்றார். அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் பரிசோதனை அறிக்கையை அலிக்கும் அவர் மனைவிக்கும் மேலாளருக்கும் அனுப்பினார். பதில் வரவில்லை. பச்சேகோ விலகிக்கொண்டார். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

1978இல் லியோன் ஸ்பிங்ஸிடம் தோற்று, அதே ஆண்டு அவரையே வென்று, மூன்றாவது முறை பட்டம் பெற்ற முதல் ஹெவிவெயிட் வீரர் ஆனார் அலி. பிறகு ஓய்வு. 1980 தொடக்கத்தில் சென்னைக்குக்கூட வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆரோடு அவர் இருக்கும் படத்தை இன்றும் பலர் பகிர்கிறார்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகள் என்று குத்துச்சண்டையை ஊர்ப் பெருமையாக வைத்திருந்த வடசென்னைக்கு அது திருவிழாவாகத்தான் இருந்திருக்கும். 'சார்பட்டா பரம்பரை' படம் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, முப்பத்தெட்டு வயதில், தம் பழைய பயிற்சித் துணைவர் லேரி ஹோம்ஸ் எதிரே மறுபடியும் மேடை ஏறினார். பத்துச் சுற்று அடி வாங்கினார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தும் வரை. 1981இல் இன்னொரு தோல்வி, அதோடு முடிந்தது. மொத்தம் 61 சண்டைகள், 56 வெற்றிகள், 5 தோல்விகள். 1984இல் பார்க்கின்சன் நோய் என்றார்கள். குத்துகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒரே குரலில் பேசவில்லை.

ஆனால் குரல் முன்பே சொல்லிவிட்டது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலியின் பழைய பேட்டிகளை எடுத்து அளந்தார்கள். 1968க்கும் 1981க்கும் இடையில் அவர் பேசும் வேகம் 26 விழுக்காடு குறைந்திருந்தது. நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே. நானும் அந்தப் பதிவுகளைக் காதில் மாட்டிக் கேட்டேன். 1964இல் சொற்கள் முட்டி மோதி வருகின்றன. கடைசிக் காலப் பேட்டிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு சின்னக் காத்திருப்பு. குரலை வைத்துச் சம்பாதிக்கும் எனக்கு அதைக் கேட்டு முடிக்கச் சிரமமாக இருந்தது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு தீபம் ஏற்றினார். 2016 ஜூன் 3ஆம் தேதி மறைந்தார். எழுபத்து நான்கு வயது.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது பனி இறங்கிவிட்டது. அக்கா மூன்று முறை தேநீர் போட்டுவிட்டார். ஒன்று மட்டும் அவரிடம் தனியாகச் சொன்னேன். பையன்கள் பயிற்சியில் போடும் தலைக்கவசம் வெட்டுக் காயத்தைக் குறைக்கும். மண்டைக்குள் ஏற்படும் அதிர்வை முழுதாகத் தடுக்காது. மயக்கம், தலைவலி என்றால் எத்தனை நாள் ஓய்வு கொடுப்பீர்கள், யார் நிறுத்தச் சொல்வார் என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள் என்றேன்.

பையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அண்ணே, கோலாலம்பூர்லயே நிறுத்தியிருந்தா, மணிலா நடந்திருக்காதுல்ல?"

நடந்திருக்காது என்றேன். அவனுக்கு அது நல்லதாகப் பட்டதா, கெட்டதாகப் பட்டதா என்று முகத்தில் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை நான் காரை எடுத்தபோது, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் போகும் மேட்டுச் சாலையில் அவன் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். அக்கா வாசலில் சால்வை போர்த்திக்கொண்டு நின்றார். தாள் இன்னும் சாமி மாடத்தில்தான் இருக்கிறது என்றார். கையெழுத்து இல்லாமல். அந்தப் பயிற்சியாளருடைய தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கி வைத்திருக்கிறாராம்.