மூவாயிரம் கார்கள், இருபத்திரண்டு பேர்

2025 ஜூன் 3. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே, நடுக்கடலில், ‘மார்னிங் மிடாஸ்’ கப்பலின் ஒரு தளத்திலிருந்து புகை எழுந்தது. சீனாவிலிருந்து மெக்சிகோவுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலில் 3,048 வாகனங்கள் இருந்தன. மாலுமிகள் 22 பேர். கரியமில வாயுவைச் செலுத்தியும் தீ அடங்கவில்லை. மாலுமிகள் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள்; அவ்வழியே வந்த சரக்குக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. மீட்புக்கான முதல் இழுவைக் கப்பல் ஜூன் 9 அன்று வந்தது. ஜூன் 23 அன்று ‘மார்னிங் மிடாஸ்’ மூழ்கியது. அங்கே ஆழம் சுமார் 5,000 மீட்டர்.

கார் கப்பலில் பத்துப் பன்னிரண்டு தளங்கள் இருக்கும். கார்களை ஓட்டியே உள்ளே கொண்டுபோவதால் தளங்களில் குறுக்குச் சுவர்கள் மிகக் குறைவு. பக்கத்துக் காருக்கு ஒரு சாண் இடைவெளிதான். தண்ணீர்க் குழாயுடன் ஓர் ஆள் அதற்குள் நுழைய முடியாது.

ஆகவே முதன்மையான ஆயுதம் கரியமில வாயு. அது ஆக்சிஜனைக் குறைத்துத் தீயை அடக்கும். தளம் முழுதும் அடைபட்டிருந்தால்தான் அது பலிக்கும். ஆனால் மின்கார்களில் உள்ள லித்தியம் பேட்டரியில் ‘தெர்மல் ரன்அவே’, அதாவது ஒரு கலத்தின் சூடு அடுத்த கலத்துக்குத் தாவும் தொடர்வினை, தொடங்கிவிட்டால் அதற்கு வெளிக்காற்று தேவையில்லை. அடங்கிய பேட்டரி பல மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றும்.

மின்கார் இல்லாமலும் கப்பல் எரியும். 2020 ஜூன் 4 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில் துறைமுகத்தில் ‘ஹோக் ஷியாமென்’ எரிந்தது. ஏற்றியிருந்தவை 2,420 பழைய வாகனங்கள். அவற்றின் பேட்டரி இணைப்புகள் முறையாகத் துண்டிக்கப்படவில்லை. சரக்கு ஏற்றுவதற்காக நிறுத்திவைத்த தீ உணர்கருவி, ஏற்றி முடித்த பிறகும் உடனே இயக்கப்படவில்லை. தீயணைப்பு வீரர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். கப்பல் ஒரு வாரத்துக்கு மேல் எரிந்தது.

2023 ஜூலையில் நியூவார்க் துறைமுகத்தில் இன்னொரு கார் கப்பல் எரிந்து, தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். அதே மாதம் நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் ‘ஃப்ரீமேன்டில் ஹைவே’ தீப்பற்றியது. மாலுமிகளில் சிலர் சுமார் 30 மீட்டர் உயரத்திலிருந்து கடலில் குதித்தார்கள். இந்தியர் ஒருவர் இறந்தார்.

2025இல் கடலுக்கு வந்த ‘பிஒய்டி ஷென்சென்’ 9,200 கார்களை ஏற்றும். இத்தகைய கப்பல்களை ஓட்டுபவர்கள் வழக்கமாக இருபதிலிருந்து இருபத்தைந்து பேர். நடுக்கடலில் தீயணைப்புப் படையும் அவர்கள்தான்.