பைன் இலை காட்டிய வழி

ஊசி என்றதும் முகத்தைச் சுளிப்பவர்கள் எம்மில் அதிகம். அந்த ஊசியை ஏற்றுபவர் கண் தெரியாதவர் என்றால் சொல்லவே வேண்டாம். ஆனால் யப்பானில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்வையற்றவர்கள் அக்குபங்சர் வைத்தியம் செய்து வருகின்றார்கள். நோயாளிகளும் நம்பிக்கையோடு அவர்களைத் தேடிச் செல்கின்றார்கள். இதற்கு வழி திறந்தவர் சுகியாமா வாயிச்சி என்பவராவார்.

1610ஆம் ஆண்டு போர்வீரர் குடும்பமொன்றில் பிறந்த இவர், சிறு வயதிலேயே நோயினால் பார்வையை இழந்தார். எடோ நகருக்குச் (இன்றைய டோக்கியோ) சென்று ஓர் ஆசிரியரிடம் ஊசி வைத்தியம் பயின்றார். கை திருந்தவில்லை, பாடமும் மனதில் நிற்கவில்லை என்று ஆசிரியர் அவரை அனுப்பிவிட்டார். மனமுடைந்தவர், எனோஷிமா தீவிலுள்ள பென்சாய்டென் தேவியின் குகையில் உண்ணாநோன்பு இருந்தாராம். இந்தத் தேவி வேறு யாருமல்ல, பௌத்தத்தோடு கடல் கடந்து யப்பான் சென்ற எமது சரஸ்வதியேதான்!

நோன்பு முடிந்து திரும்பும் வழியில் ஒரு கல்லில் கால் இடறி விழுந்தார். காலில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தால், குழாய் போன்ற ஒன்றினுள் ஒரு பைன் இலை. பைன் மரத்தின் இலை ஊசி போன்றது என்பது வாசகியர் அறிந்ததே. ஊசியைச் சிறு குழாயினுள் வைத்து ஏற்றினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அந்தக் கணத்தில் உதித்தது என்கின்றது கதை.

கதை எவ்வளவு தூரம் உண்மையோ, குழாய் உண்மை. மயிரிழை போன்ற மெல்லிய ஊசியை வெறுங்கையால் ஏற்ற முயன்றால் அது வளையும், வலிக்கும். குழாயைத் தோலில் நிறுத்தி, மேலே சற்று நீண்டிருக்கும் ஊசியின் தலையை விரலால் மெல்லத் தட்டினால் வலியின்றி இறங்கும். இன்று பல நாடுகளில் இம்முறை கையாளப்படுகின்றது.

ஊசி ஏற்றும் இடத்தைக் கண் தெரியாதவர் எவ்வாறு அறிவார்? மணிக்கட்டில் நாடி பிடித்து, வயிற்றையும் முதுகையும் உள்ளங்கையால் தடவி, எங்கே சூடு, எங்கே குளிர், எங்கே இறுக்கம் என்று தேடுவார். இதை உள்ளுணர்வு என்கின்றனர். எனக்கென்னவோ அது பல ஆண்டுகளாக விரலில் ஊறிய படிப்பு என்றே படுகின்றது.

இந்த வைத்தியத்தின் மொழியே இயற்கையின் மொழிதான். சீனத்து மூல நூல்கள் விரல் நுனியிலிருந்து முழங்கை வரையுள்ள முக்கிய புள்ளிகளைக் கிணறு, ஊற்று, ஓடை, ஆறு, கடல் என வகுக்கின்றன. உள்ளங்காலில் உள்ள ஒரு புள்ளியின் பெயர் ‘பொங்கும் ஊற்று’. ஊசியோடு சேர்த்து, மாசிபத்திரி இனச் செடியின் காய்ந்த இலையை எரித்துச் சூடு கொடுப்பதும் உண்டு.

சுகியாமா பின்னாளில் ஆட்சியாளர் சுனயோஷிக்கே வைத்தியம் செய்தார். “உமக்கு என்ன வேண்டும்?” என்று அவர் கேட்டபோது, “ஒரு கண் போதும்” என்றாராம். கண்ணைக் கொடுக்க முடியாத ஆட்சியாளர் 1693இல் ‘ஹிதொட்சுமே’ என்ற இடத்தில் காணி கொடுத்தார். அச்சொல்லை ‘ஒற்றைக் கண்’ என்றும் பொருள் கொள்ளலாம்! மறு ஆண்டு சுகியாமா காலமானார். பார்வையற்றோருக்கென அவர் நடத்திய கல்விக்கூடம், பாரிஸில் அவ்வாறான பாடசாலை தோன்றுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முந்தியது.

இந்தப் பிழைப்புக்கு ஒருமுறை பெரும் ஆபத்து வந்தது. போரில் யப்பான் தோற்றபின், 1947இல் அமெரிக்கப் படை நிர்வாகம் அக்குபங்சரைத் தடை செய்ய முனைந்தது. பார்வையற்ற வைத்தியர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுக்கு அது வைத்தியம் மட்டுமல்ல, சோறு. அவ்வாண்டு டிசம்பரிலேயே தொழிலை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. இன்றும் அங்குள்ள பார்வையற்றோர் பாடசாலைகளில் ஆண்களும் பெண்களும் இதைப் பயில்கின்றனர். எனினும் பார்வையுள்ளோர் பெருமளவில் இத்தொழிலுக்கு வந்துவிட்டதால் போட்டி கடுமையாகியுள்ளது.

எங்கள் வீட்டுப் பெண்கள் இவ்வைத்தியத்தை நாடுவதானால் சிலவற்றைக் கேட்டே ஆகவேண்டும். ஊசி புதியதா, ஒருமுறை மட்டும் பாவித்து வீசப்படுவதா? கர்ப்பிணி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில புள்ளிகளைக் கர்ப்பகாலத்தில் தொடக்கூடாது என்பது மரபு. நாட்பட்ட முதுகுவலி, ஒற்றைத் தலைவலி போன்றவற்றுக்குப் பலன் கண்டோர் உண்டு. அதற்காக நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்குப் போவது வீண் வினை. மார்பில் கட்டி தென்பட்டால் முதலில் போகவேண்டிய இடம் வைத்தியசாலை.

சுகியாமா இடறிய கல் என்று எனோஷிமாவில் ஒரு கல்லைக் காட்டுகின்றார்கள். அதிர்ஷ்டக் கல் என்று அதற்குப் பெயர். அதன் அருகில் எதையாவது கண்டெடுப்பவருக்கு நல்ல காலம் பிறக்கும் என்பது அவ்வூரார் நம்பிக்கை.